சீப்பு பிடித்தவள்

எங்கள் நாட்டில் அரசனுக்கு முடி
சூட்டுவதில்லை.
முளைக்கிறது.

கில்டெமாரின் தலையில்
பிறந்த நாள் தொட்டுக் கத்தரி பட்டதில்லை.
ஆறு வயதில் கேடயத்தின்மேல் நிறுத்தி
பிராங்க் வீரர்கள் அவனைத் தூக்கியபோது
கூந்தல் இடுப்பைத் தொட்டது.
பயத்தில் சிறுநீர் கழித்தான்.
கேடய விளிம்பில் வழிந்து
கீழே நின்ற ஒருவன் தாடியில் சொட்டியது.
அவன் துடைக்கவில்லை.
துடைத்தால் அபசகுனமாம்.

நான் அடிமை.
என் கையில் மான்கொம்புச் சீப்பு.
காலையில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை,
இருபத்திரண்டு வருடம்.
ஆட்டுத்தோலில் ஆண்டுக்கணக்கு எழுதும் துறவிகள்
கேட்டுக் கேட்டு எழுதியதை
நான் சிக்கில் படித்தேன்.

எர்கனுல்ஃப் வந்துபோன இரவுகளில்
பிடரிக்குக் கீழே ஒரு சிக்கு விழுந்திருக்கும்,
வால்நட் அளவு.
எர்கனுல்ஃப் அரண்மனை மேலாளன்.
கருவூலச் சாவி அவன் இடுப்பில்,
முத்திரை மோதிரம் அவன் பையில்.
அரசனுக்கு இருந்தது
நான்கு எருது பூட்டிய வண்டியும்
வசந்தத்தில் ஒருநாள் மக்கள்முன் உட்கார்ந்து
சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் உரிமையும்.

மியூஸ் ஆறு ஏறிவந்து
கோதுமையைத் தின்ற வருடம்
சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் சொன்னான்:
"களஞ்சியத்தைத் திறவுங்கள்."
ஒரு கணம் எருதுகள்கூட அசையவில்லை.
பிறகு எழுந்த ஆரவாரத்தில் அவன் காது மடல் சிவந்ததை
பின்னால் நின்ற நான் பார்த்தேன்.
மறுநாள் சாக்கோடு போனவர்களுக்கு
புதுப் பூட்டு காத்திருந்தது.
அந்தக் குளிர்காலம் முழுக்க
பசித்தவர்கள் ஏசியது அவனைத்தான்.
பூட்டுக்குப் பெயர் இல்லையே.

நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
மொசெல் கரையில் இரண்டு ஊர்,
ஒரு திராட்சைச் சரிவு,
அதற்காகத் தம்பி ராட்மெரோடு மூன்று கோடை சண்டை.
பிடிபட்ட தம்பியின் கூந்தலை வெட்டச் சொன்னது
இதே வாய்.
கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.
குடித்திருந்தான்.
"இதையும் வாரு" என்றான்.
வாரினேன்.
இரண்டாம் இழுப்பில்
"மெல்ல" என்றான்,
தன் தலையைப் பிடித்துக்கொண்டு.

அவன் முறை வந்தது ஓர் இலையுதிர் காலக் காலையில்.
சண்டை இல்லை, சத்தம்கூட இல்லை.
ஆட்டு மயிர் கத்தரிக்கும் கத்தரி.
கூந்தலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள்;
பழகிய கை என்னுடையது.
பிடித்தேன்.
கடைசி இழையும் விட்டுப்போனபோது
கனமெல்லாம் என் கையில் இருந்தது,
அவன் கழுத்து
இறகு பிடுங்கிய கோழிபோல.
ஒன்றே ஒன்று கேட்டான்:
"ராட்மெருக்கும் இப்படித்தான் குளிர்ந்ததா?"
யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

புது அரசனுக்கு நான்கு வயது.
எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தார்கள்.
முடி காதைக்கூட மூடவில்லை.
வளரட்டும் என்று காத்திருப்பதில்
எர்கனுல்ஃபுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சீப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள்.
இப்போது அதில் ஆளி நார் கோதுகிறேன்.
சில நாட்களில் நாரோடு
நீளமாக ஒரு மயிர் வரும்; நெருப்பில் போடுவேன்.

போன மாதம் நார் விற்க
ஆர்டென் காட்டு மடத்துக்குப் போனேன்.
வெங்காயப் பாத்தியில் குனிந்திருந்தான்.
என்னைத் தெரியவில்லை;
என் முகத்தை அவன் எப்போது பார்த்தான்,
நான் எப்போதும் முதுகுப்பக்கம் அல்லவா.
காட்டிலிருந்து காற்று வந்தது.
வலக்கையை உயர்த்தி
தோளில் இல்லாத ஒன்றை
பின்னால் தள்ளிவிட்டான்.
என் கையும் எழுந்தது,
பாதியில் நின்றது.

வெங்காயம் நன்றாகத் திரண்டிருந்தது.
இரண்டு தருவாயா என்று கேட்டேன்.
மண் ஒட்டிய விரல்களைப் பார்த்தபடி
"மடத்துத் தலைவரைக்
கேட்க வேண்டும்" என்றான்.